பிக்கப்பைத் தூக்கி நிறுத்திய கட்டை

பிக்கப் வண்டியின் பின்புறத்தை உயர்த்த அமெரிக்கர்கள் கையாண்ட வழிகளில் செலவு குறைந்தது, பின் அச்சுக்கும் கமான் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து, நீளமான யு போல்ட்டுகளால் இறுக்குவது. கட்டை எத்தனை அங்குலமோ, அச்சுக்கு மேலே அத்தனை அங்குலம் வண்டி எழும்.

இந்த எளிமை கமான் பட்டை தந்தது. 1804-இல் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட், குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். சுமையைத் தாங்குவதோடு அச்சை இடம் பெயராமல் பிடித்து வைக்கவும் பட்டையே போதும் என்பது அதன் பெரிய வசதி. கார்கள் பின்னாளில் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறின; பாரம் ஏற்றும் வண்டிகள் பட்டையைக் கைவிடவில்லை. 1925-இல் ஃபோர்டு தன் மாடல் டி வண்டியைப் பின்பெட்டியுடன் 281 டாலருக்கு விற்றபோது, பின்புறம் குறுக்கு வாட்டில் ஒரே பட்டைதான் இருந்தது. பின்னர் வந்த பிக்கப்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக நெடுக்கு வாட்டில் இரண்டு பட்டைகள் அமைந்தன. கட்டை வைக்க ஏற்ற அமைப்பு அது.

இதே கட்டை வண்டியைத் தாழ்த்தவும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னிய இளைஞர்கள் தங்கள் கார்களைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டினார்கள். அன்றைய கார்கள் பலவற்றில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும். இடையில் கட்டை நுழைந்தால் பட்டையும் உடலும் கீழே இறங்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்புகளிலோ பட்டை பொதுவாக அச்சுக்கு மேலே. அங்கே அதே கட்டை வண்டியைத் தூக்கும்.

தூக்க வேண்டிய தேவை அந்தப் பிக்கப்புகளோடு வளர்ந்தது. மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1930-களிலேயே ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது. 1946-இல் டாட்ஜ், போர்க்கால வண்டியின் வழியில் பவர் வேகனைப் பொதுமக்களுக்கு விற்றது. 1950-களின் இறுதிக்குள் ஷெவ்ரொலேயும் ஃபோர்டும் தொழிற்சாலையிலிருந்தே இத்தகைய பிக்கப்புகளை அனுப்பின. 1967-இல் மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் வாகனப் பந்தயம் தொடங்கியதும் மணலுக்கும் பாறைக்கும் ஏற்ற பெரிய டயர் மீது மோகம் கூடியது. 1974-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-250 ஒன்றை செயின்ட் லூயிஸ் நகரின் பாப் சாண்ட்லர் ‘பிக்ஃபுட்’ ஆக்கினார். ராட்சத லாரிகளின் காலம் அதிலிருந்துதான் தொடங்கியது.

உண்மையில் தரைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர்தான். கட்டையால் அது இம்மியும் கூடாது. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஒரு அங்குலம் எழும். அந்தப் பெரிய டயர் சக்கர வளைவில் உரசாமல் சுழல இடம் கொடுப்பதே கட்டையின் வேலை.

கடைக் கட்டைக்குப் பணமில்லாதவர்கள் கையில் கிடைத்ததை அறுத்தார்கள்: இரும்புச் சதுரக் குழாய், அலுமினியத் துண்டு, சிலர் மரக்கட்டைகூட. சரியாகச் செய்த கட்டையின் அகலம் பட்டையின் அகலத்துக்கு ஒத்திருக்கும். அமெரிக்கப் பிக்கப்புகளில் அது பெரும்பாலும் இரண்டரை அல்லது மூன்று அங்குலம். மேல் முகத்தில் பட்டையின் சென்டர் போல்ட்டின் தலை உட்காரும் குழி, கீழ் முகத்தில் அச்சின் இருக்கைத் துளைக்குள் இறங்கும் முளை. இந்த இரண்டும் பிசகினால் அச்சு முன்னும் பின்னும் நகரும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடுவதும் கெடுதல். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடிப்பைத் தராது.

அனுபவம் கற்பித்தது இன்னும் கடுமையானது. மரம் பிளந்தது, சுவர் மெலிந்த குழாய் நசுங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் வழுக்கின. கட்டை உயர உயர அச்சு பட்டையை முறுக்கும் நெம்பு நீளம் கூடும்; ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டை ‘எஸ்’ போல வளைந்து சக்கரம் துள்ளும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரும். அதைத் திருத்தச் சரிவு கொடுத்த கட்டைகள் வந்தன. பிரேக் குழாய் இழுபடும், ஷாக் அப்சார்பர் எட்டாது. பழைய டொயோட்டா பிக்கப்புகள் பலவற்றில் பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். வண்டி உயர்ந்தால் பெட்டி காலி என்று அந்த வால்வு கொள்ளும். பின் பிரேக் வலுவிழக்கும்.

முன் அச்சில் கட்டை வைப்பது இவை எல்லாவற்றையும் விட ஆபத்து. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்கிறது, ஸ்டீயரிங்கும் அங்கேயே இருக்கிறது. அங்கே கட்டை நழுவினால் வண்டி கைக்கு அடங்காது. அமெரிக்காவின் சில மாநிலங்களின் வண்டி ஆய்வு விதிகள் முன்பக்கக் கட்டையை ஏற்பதில்லை. பம்பர் உயரத்துக்கும் பல மாநிலங்கள் எல்லை வகுத்திருக்கின்றன.

பின் அச்சில் மட்டும் கட்டைக்கு மதிப்பு குறையவில்லை. ஃபோர்டின் சூப்பர் டியூட்டி வரிசையில் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப்புகள் பின் அச்சின் மேல் கட்டையோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. அளவோடு, ஒரே துண்டாக, உரிய யு போல்ட்டோடு பின்பக்கத்தில் வைத்த கட்டை நம்பத்தக்கது. அடுக்கிய கட்டையையும் முன் அச்சுக் கட்டையையும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.