துப்பாக்கிக் குழலும் கடைசற்பொறியும்

மோரும் கடையப்படுவது; மரமும் கடையப்படுவது. இரண்டு தொழிலுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. மத்தில் சுற்றிய கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழைய கடைசற்காரரும் அவ்வாறே கயிறு சுற்றி மரத்தைச் சுழலவிட்டு, உளியை அதன்மேல் ஊன்றிச் சீவினார். கட்டிற்காலும் பம்பரமும் அவ்வாறு பிறந்தவையே.

கடைசற்பொறியில் பொருள் சுழலும், உளி நிற்கும். நடுவச்சிலிருந்து உளிமுனை எத்துணைத் தொலைவில் நிற்கின்றதோ, அதற்கு அப்பாற்பட்டதெல்லாம் சீவுண்டு போகும், எஞ்சுவது வட்டம். நீள்வட்டமோ பட்டையோ அதனிடம் கிடைப்பது அரிது. ஐரோப்பிய மாளிகைகளில் தந்தத்தையும் மரத்தையும் விந்தையான வடிவங்களில் கடையும் பொறிகள் சில இருந்தது உண்மையே. ஆயினும் அவை பெரும்பாலும் செல்வரின் பொழுதுபோக்காகவே நின்றன. வட்டமல்லாத பொருளையும் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் கடையலாம் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியது ஒரு துப்பாக்கிக் குழல்.

குழல் உருவான முறை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றை அடுத்துள்ளது ஸ்பிரிங்பீல்டு நகர். அங்கே அமெரிக்க அரசின் படைக்கலத் தொழிற்சாலை 1794ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1816ஆம் ஆண்டு மாதிரியின்படி செய்யப்பட்ட துப்பாக்கியின் குழல் 42 அங்குல நீளமுடையது.

பிற்காலத்தில் எஃகுத் தண்டையே நேராகத் துளைத்துக் குழல் செய்யும் முறை வந்தது. அக்காலத்தில் அவ்வாறன்று. நீண்ட இரும்புத் தகட்டை நன்கு காய்ச்சி, ஓர் இரும்புக் கம்பியின்மேல் வளைத்து, இரு விளிம்புகளையும் சேர்த்துச் சம்மட்டியால் அடித்துப் பற்றவைப்பர். பற்று ஓரிடத்தில் தளர்ந்திருந்தாலும் வெடிக்கும்போது குழல் பிளந்துவிடும். பிடித்திருப்பவன் கைக்கே கேடு விளையும். பற்றவைத்த பின், துளைக்கோல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி உட்புறத்தைச் சீராக்குவர்.

அடுத்தது வளைவு நீக்குதல். இத்தொழில் வல்லவர் குழலை ஒளியை நோக்கிப் பிடித்து, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார். எதிரே இழுத்துக் கட்டிய நூலின் நிழல், பளபளப்பான உட்சுவரில் ஒரு கோடாகத் தோன்றும். கோடு நேராக ஓடினால் குழல் நேர். அது நெளிந்தால், நெளிந்த இடமறிந்து சுத்தியால் ஒரு தட்டு. மீண்டும் ஒரு பார்வை. வேறு அளவுகோல் இல்லை, கண்ணே அளவுகோல்.

இறுதியாக, வெளிப்புறத்தைப் பெரிய சாணைக்கல்லில் வைத்துத் தேய்ப்பர். இதுவே தொழிற்சாலையில் தீங்கு மிகுந்த வேலை. கல்லின் பொடி மூச்சோடு புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். விரைந்து சுழலும் கல் சில வேளைகளில் வெடித்துச் சிதறும். இத்தனைக்கும் மேல், சாணையில் தேய்த்த குழலின் சுவர் எங்கும் ஒரே கனமாக அமையும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போனால் குழலின் வலிமை குன்றும்.

மூன்றங்குலச் சிக்கல்

சாணைக்கு மாற்றாகக் கடைசற்பொறியைக் கொண்டுவர முயன்றோருள் ஒருவர் ஏசா வாட்டர்ஸ். இவர் அதே மாநிலத்து மில்பரி என்னும் ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை நடத்தியவர். குழல் கடையும் பொறிக்கு 1818ஆம் ஆண்டு காப்புரிமையும் பெற்றார். குழல் நீளத்தின் பெரும்பகுதி முனையை நோக்கி ஒடுங்கிச் செல்லும் வட்டமே. அதனைக் கடைசற்பொறி எளிதிற் கடைந்தது. ஆனால் மருந்து வெடிக்கும் அடிப்பகுதியில், ஏறத்தாழ மூன்றங்குல நீளம், குழல் வட்டமாக இல்லை. அங்கே பட்டையான பக்கங்களும் நீள்வட்டமான பக்கங்களும் அமைய வேண்டும். அவ்விடம் வந்ததும் பொறி திகைத்து நின்றது. மீண்டும் சாணையும் அரமுமே துணையாயின.

வாட்டர்ஸ் அழைத்தது தாமஸ் பிளான்சர்டு என்பவரை. அவர் 1788ஆம் ஆண்டு, மில்பரிக்கு அண்மையிலுள்ள சட்டன் என்னும் ஊரில் பிறந்தவர். இளமையில் திக்குவாய் அவரை வருத்தியது; பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கினார் என்று எவரும் எழுதவில்லை. தமையனின் பட்டறையில் சிறு ஆணிகளைக் கையால் அடிக்கும் சலிப்பான வேலை அவருக்கு வாய்த்தது. அச்சலிப்பே பொறியாயிற்று. பல ஆண்டுகள் முயன்று, ஆணிகளைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதன் உரிமையை விற்றார்.

வாட்டர்ஸின் பொறியைச் சற்று நேரம் பார்த்த பிளான்சர்டு, அதனோடு ஓர் உறுப்பைச் சேர்க்கச் சொன்னார். அது மேடு பள்ளமுள்ள விளிம்புடைய உருளை. குழலோடு இசைந்து அது சுழலும்போது, மேடு வருமிடத்தில் உளி விலகும். பள்ளம் வருமிடத்தில் நெருங்கும். அசையாது நின்ற உளி இப்போது குழலின் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் ஆடிற்று. பட்டைப் பக்கங்களும் நீள்வட்டமும் பொறியிலேயே பிறந்தன. மூன்றங்குலச் சிக்கல் தீர்ந்தது.

மரக்கட்டையின் முறை

இதனைக் கண்டு நின்ற தொழிலாளர் மகிழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. குழல் தேய்ப்போர் பிழைப்புக்கு வந்த இடர், துப்பாக்கியின் மரக்கட்டை செதுக்குவோருக்கு வராது என்று அவருள் ஒருவர் கூறியதாகவும், அச்சொல்லே பிளான்சர்டின் உள்ளத்தில் தைத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. மரக்கட்டையையும் கடைந்து காட்டுவீரோ என்று வாட்டர்ஸே வேடிக்கையாகக் கேட்டார் என்பது மற்றொரு செய்தி. எவ்வாறாயினும், கேள்வி ஒன்றே. தோளில் பதியும் அடிப்பகுதி அகன்றும், கைபிடிக்கும் இடம் சிறுத்தும், எங்கும் வட்டமின்றியும் இருக்கும் அக்கட்டையைக் கடைவது எங்ஙனம்?

பிளான்சர்டு கண்ட விடை வியப்புக்குரியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வோர் உருளை தேவையில்லை; செய்ய வேண்டிய பொருளின் வடிவமே உருளையாகட்டும் என்று அவர் துணிந்தார். இரும்பாற் செய்த மாதிரிக்கட்டை ஒன்றையும் செதுக்காத மரம் ஒன்றையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, இரண்டையும் ஒன்றாகச் சுழலவிட்டார். மாதிரியின்மேல் ஒரு சக்கரம் தொட்டுக்கொண்டே செல்லும். அதே விட்டமுள்ள மற்றொரு சக்கரம், விளிம்பில் வெட்டுளிகளைத் தாங்கி, மரத்தின்மேல் விரைந்து சுழலும். மாதிரி தன் மேடுபள்ளங்களால் தொடுசக்கரத்தோடு உறழ உறழ, சட்டம் ஊஞ்சல்போல் ஆடும். அதனால் மாதிரியின் வடிவம் முழுவதும் மரத்தில் இறங்கும்.

1819ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஸ்பிரிங்பீல்டுத் தொழிற்சாலைத் தலைவராயிருந்த ரோஸ்வெல் லீ, பிளான்சர்டை அங்கே வரவழைத்து இடமளித்தார். சில ஆண்டுகளில், கட்டையை வடித்து, குழல் படியவும் விசைப்பொறி பதியவும் குடைந்து முடிப்பதற்கென 14 பொறிகள் கொண்ட வரிசை அங்கே இயங்கிற்று. கைவினைஞர் கட்டைக்குக் கட்டை வேறுபடச் செதுக்கிய காலம் அத்துடன் முடியத் தொடங்கியது.

என்பீல்டும் உட்புரியும்

இங்கிலாந்தில் அந்நாளில் துப்பாக்கி செய்வது சிறு பட்டறைகளின் தொழில். 1853ஆம் ஆண்டு ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியியல் அறிஞர் அமெரிக்கா சென்று கண்டவற்றைத் தம் அரசுக்கு அறிவித்தார். மறு ஆண்டு ஒரு குழு சென்று, பிளான்சர்டு முறைப் பொறிகள் உட்படப் பலவற்றை விலைக்கு வாங்கியது. அவை இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்டு அரசுத் தொழிற்சாலையில் நிறுவப்பட்டன. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள் இந்திய வரலாற்றிலும் இடம்பெற்றது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாய் அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டா அந்த ரைபிளுக்கு உரியதே.

ரைபிளின் சிறப்பு, குழலின் உள்ளே திருகிச் செல்லும் பள்ளங்களில் உள்ளது. அவை குண்டைச் சுழலச் செய்யும். சுழலும் பம்பரம் விழாது நிற்பதுபோல், சுழலும் குண்டும் தலை தடுமாறாது செல்லும். என்பீல்டு ரைபிளின் குழல் 39 அங்குலம், பள்ளங்கள் மூன்று, அவை 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் திருகின. ஆகவே குழலைக் கடப்பதற்குள் குண்டு சுற்றுவது அரைச் சுற்றே. குறி தவறாமைக்கு அவ்வரைச் சுற்றே பெருந்துணையாயிற்று.

பின்னர் உலோகத் தோட்டா பரவிற்று. குழலின் பின்முனையைத் தோட்டாவின் அளவுக்கு அகலக் கடைந்து, அதற்கோர் அறை அமைக்க வேண்டியதாயிற்று. அறையின் நடுவச்சும் துளையின் நடுவச்சும் ஒரே கோட்டில் அமையாவிடின், குண்டு சாய்ந்து புரிக்குள் நுழையும், ஒரு பக்கம் சிதையும், குறி தவறும். ஆதலால், அறை கடைவோர் குழலைக் கடைசற்பொறியில் பூட்டும்போது, அதன் வெளிப்புறம் ஆடாது சுழல்கிறதா என்பதோடு அமையமாட்டார். உள்துளை ஆடாது சுழல்கிறதா என்றே பார்ப்பார். வெளிப்புறம் ஏமாற்றலாம், துளையே அளவு. நூலின் நிழல் பார்த்த பழைய தொழிலாளி அறிந்திருந்ததும் இதுவே.

எஞ்சிய பயன்

பிளான்சர்டு 1864ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பொறி துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. காலணி தைப்போர் பயன்படுத்தும் பாதவடிவ அச்சுக்கட்டை, வண்டிச் சக்கரத்து ஆரக்கால், கோடரிக் காம்பு ஆகிய வட்டமல்லாத பல பொருள்களும் அதே முறையில் கடையப்பட்டன. மாதிரியைத் தொட்டுச் சென்று படியெடுக்கும் கருத்து, இன்று வீட்டுச் சாவிக்கு மறுசாவி வெட்டித் தரும் சிறு பொறியிலும் உயிரோடிருக்கிறது.

ஸ்பிரிங்பீல்டுத் தொழிற்சாலை 1968ஆம் ஆண்டு மூடப்பட்டு, பின்னர் அருங்காட்சியகமாயிற்று. துப்பாக்கிகளோடு பிளான்சர்டின் கடைசற்பொறி ஒன்றும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. கொல்லும் கருவிக்காகப் பிறந்த அப்பொறி, சாணைக்கல்லின் பொடியிலிருந்து சிலர் நுரையீரலைக் காத்தது. கட்டை செதுக்கிய சிலர் கைத்தொழிலைப் பறித்தது. பலர் காலுக்குச் செருப்பும் தந்தது. அதன் வரலாற்றை எழுதுவோர் இம்மூன்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.