கர்நாடக வாரிசுப் போர்களும் நிலவரி உரிமையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கர்நாடகத்தில், அதாவது ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதை ஐரோப்பியப் பகைமையின் நீட்சியாகவும், உள்நாட்டு ஆட்சியாளர்களை அம்மோதலின் கைப்பாவைகளாகவும் காணும் வழக்கம் வரலாற்று நூல்களில் நிலைபெற்றுள்ளது. 1749 முதல் 1763 வரையிலான நிகழ்வுகள் இக்கருத்துக்கு முழுமையாக இடந்தரவில்லை. போரைத் தொடங்கியவர்களும் அதன் போக்கை மாற்றியவர்களும் பெரும்பாலும் உள்நாட்டு ஆட்சியாளர்களே. படையுதவிக்கு ஈடாக நிலவரி உரிமையை விட்டுக்கொடுத்த முறையே அவர்களது இறைமையை அழித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1748இல் ஐதராபாத் நிஜாம் மறைந்தபோது, அவருடைய மகன் நாசிர் ஜங்கும் மகள்வழிப் பேரன் முசாபர் ஜங்கும் தக்காணத்தின் சுபேதார் பதவிக்கு, அதாவது முகலாய மாகாண ஆளுநர் பதவிக்கு, உரிமை கோரினர். மராட்டியர் சிறையிலிருந்து விடுபட்ட சந்தா சாகிபு ஆற்காட்டு நவாபாகும் நோக்கத்துடன் முசாபர் ஜங்கை அணுகினார். ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர்தான், 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளே அனுப்பிய படையின் துணையுடன் சந்தா சாகிபு வெல்ல, நவாபு அன்வாருதீன் போர்க்களத்தில் மாண்டார். எனவே இப்போரின் வேர் உள்நாட்டு வாரிசுரிமையிலேயே இருந்தது.

அடுத்து சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய திருச்சிராப்பள்ளி முற்றுகை இதனை மேலும் தெளிவாக்குகிறது. அன்வாருதீனின் மகன் முகமது அலி அங்கே தாக்குப்பிடித்ததற்கு, 1751இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியதோடு, மைசூர்ப் படை, மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப்படை, தஞ்சை மன்னர் பிரதாப சிங்கின் படை, புதுக்கோட்டைத் தொண்டைமானின் உதவி ஆகிய அனைத்தும் காரணமாயின. 1752இல் சந்தா சாகிபு சரணடைந்து கொல்லப்பட்டதும் தஞ்சைத் தளபதி மானோஜியின் பாசறையிலேயே. முகமது அலி வாக்களித்தபடி திருச்சிராப்பள்ளி தமக்குக் கிடைக்காததால் மைசூரின் நஞ்சராஜா பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய, போர் மேலும் நீண்டது.

ஆயினும் இவ்வுதவிகள் ஒரே தன்மையன அல்ல. அண்டை அரசர்கள் நிலத்தையோ திறையையோ நாடியபோது, ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகக் கும்பினிகள் போர்ச் செலவை வரி வருவாயிலிருந்து ஈடுசெய்துகொண்டன. புதுச்சேரியைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். தஞ்சை வாரிசுச் சண்டையில் தலையிட்ட ஆங்கிலேயர் தேவிக்கோட்டையைப் பெற்றதும் தாம் ஆதரித்தவரைக் கைவிட்டனர். இரு கும்பினிகளுக்கிடையே வெற்றியைத் தீர்மானித்ததில் ஆங்கிலேயக் கடற்படையின் வலிமைக்கும், 1757க்குப் பின் வங்காளத்திலிருந்து கிடைத்த பணத்துக்கும் பெரும்பங்கு உண்டு. 1760இல் வந்தவாசியிலும் 1761இல் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர் தோற்றதை அவ்விரண்டையும் விட்டுவிட்டு விளக்க இயலாது.

1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகமது அலியை நவாபாக ஏற்றது. அதே ஆண்டில் அவர் செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலேயருக்கு ஜாகீராக, அதாவது வரிவருவாயை நுகரும் உரிமையுடன், வழங்கினார். பட்டத்தை வென்றவர் அதைத் தாங்கும் வருவாயை இழக்கத் தொடங்கினார். கடன் பெருகிக்கொண்டே சென்றது. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு முழுமையாக மாறியபோது, போர்க்களத்தில் ஒருமுறையும் ஆங்கிலேயரை எதிர்த்திராத முகமது அலியின் மரபு தன் அரசை இழந்தது.