பர்மா தேக்கின் மேல் நின்ற மெட்ராஸ் தளம்

சென்னையிலோ காரைக்குடியிலோ பழைய மாடி வீட்டில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், வரிசையாகத் தேக்குச் சட்டங்களும் அவற்றின் மேல் சாய்வாகப் பதிந்த சின்னஞ்சிறு செங்கற்களும் தெரியும். கீழே நிற்பவருக்கு அது கூரை. மேலே நடப்பவருக்குத் தரை. கட்டடப் பொறியாளர்கள் இதை 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள்.

கான்கிரீட் தளத்துக்குக் கீழே சென்ட்ரிங் அடித்து, முட்டுக்கொடுத்து, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்கு அந்த வேலையே கிடையாது. சுவருக்குச் சுவர் ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் சட்டங்களைப் பரப்புவார்கள்; அறை அகலமானால் நடுவே ஓர் உத்திரம் தாங்கும். ஓர் அங்குலப் பருமனுள்ள அச்சுக்கல் என்ற சிறு செங்கல்லில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, மூலையில் தொடங்கி, சட்டங்களுக்குக் குறுக்கே கோணவாக்கில் நிறுத்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொள்ளும். காய்ந்ததும் எல்லாம் ஒரே கட்டாகிவிடும்.

அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். மொட்டைமாடியானால் கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். பழைய வீடுகளைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடுக்காயோடு நின்றுவிடுகிறார்கள். பாரத்தைச் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ தேக்கு.

அந்தத் தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. முதல் ஆங்கில–பர்மியப் போர் 1826இல் முடிந்தபோது தெனாசெரிம் கரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் கரையிலிருந்த மௌல்மேன் துறைமுகம் மரத்துக்குப் பேர்போனது. 1852இல் கீழ் பர்மாவும் பிடிபட்டது. பின்னால் அங்கே வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள்.

குறையும் அந்த மரத்தில்தான் இருந்தது. சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் ஏறினால் முதலில் உளுப்பது அதுதான், வெளியே தெரியவும் தெரியாது. சில கட்டடங்களில் மரத்தின் இடத்தை இரும்புச் சட்டம் பிடித்தது.

சிமெண்ட் மெதுவாகத்தான் வந்தது. 1904இல் சென்னையிலேயே கிளிஞ்சலைக் கொண்டு போர்ட்லண்ட் சிமெண்ட் செய்து பார்த்தார்கள்; தொழில் நிலைக்கவில்லை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் தேக்கு வரத்து அறுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்பி கட்டிய கான்கிரீட்டே வழக்கமாகிவிட்டது.

புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது இந்தத் தளத்தை இன்னும் போடுகிறார்கள். செட்டிநாட்டிலோ பராமரிக்க ஆளில்லாத வீடுகள் பிரிக்கப்படுகின்றன. அவற்றின் சட்டங்களும் தூண்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன.