யாழ்ப்பாணத்து நகையும் உருகாத பொருள்களும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த நிலம். இங்கே பொன் எடுக்கும் சுரங்கம் இல்லை. வெள்ளி எடுக்கும் மலை இல்லை. இரத்தினபுரியிற்போல மணிக்கல் அகழும் குழியும் இல்லை. ஆயினும் நகை அணிவதில் இந்நாட்டார் எவருக்கும் பின்னின்றதில்லை. அவர்தம் நகைக்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவை எவ்வாறு ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதை ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பொன்னும் வெள்ளியும் உருகும் இயல்பின. பாட்டியின் காப்பு பேத்தியின் சங்கிலியாகிவிடுகிறது. திருமணத்துக்கு முன்னர் நல்லநாள் பார்த்து நாம் செய்யும் பொன்னுருக்கல் என்னும் சடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உருக்கப்படும் பொன் தாலியாகப் புதுப்பிறவி எடுக்கிறது. சடங்கு அழகியதுதான், சரித்திரம் எழுதுவோனுக்கோ அது பகை. உருகிய பொன் தன் முற்பிறவியைச் சொல்வதில்லை. ஆகவே நகையின் வரலாற்றை, உலோகத்தைக் காட்டிலும், உலோகத்தோடு சேர்ந்திருந்த உருகாத பொருள்களைக் கொண்டே பெரும்பாலும் படிக்க வேண்டியிருக்கிறது.

கந்தரோடையை 1917ஆம் ஆண்டையொட்டிப் போல் பீரிஸ் ஆராய்ந்தார். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையார் அகழ்ந்தனர். அம்மண்ணிலிருந்து கிடைத்தவற்றுள் சூதுபவள மணிகளும் கண்ணாடி மணிகளும் உள. நம் சுண்ணக்கல்லில் சூதுபவளம் தோன்றுவதில்லை. அது கடல் கடந்தே வந்திருத்தல் வேண்டும். மணியின் நடுவே துளை இருக்கிறது. அதனூடே சென்றது நூலோ, வெள்ளிக் கம்பியோ, பொற்கம்பியோ என்பதைச் சொல்ல இன்று எதுவும் எஞ்சவில்லை. ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியில், குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் இரு வரிகளாய் அமைந்த சிறு முத்திரை ஒன்று வெளிப்பட்டது. அது ஒரு மோதிரத்தின் முகப்பாயிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதன் வாசகம்பற்றி அறிஞர் வேறுபடுவர்; அவ்வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்தவற்றைச் சொன்னோம். இங்கிருந்து போனது சங்கு. தமிழில் 'வளை' என்னும் ஒரே சொல் சங்கையும் குறிக்கும், கைவளையையும் குறிக்கும். சங்கை அறுத்து வளை கடைவோர் மதுரைக் காஞ்சியிலேயே இடம்பெறுகின்றனர். யாழ்ப்பாணத்தை அடுத்த ஆழங்குறைந்த கடலில் எடுத்த சங்கு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் வங்காளத்துக்கு ஏற்றுமதியாயிற்று. டாக்கா நகரத் தொழிலாளர் அதனைப் பிறைவடிவான பெரிய வாளால் அறுத்து வளையலாக்கினர். ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்குபற்றி எழுதிய நூலில் இவ்வாணிகத்தை விரித்துரைத்துள்ளார். வங்கத்துச் சுமங்கலிகள் சங்கு வளையலை மங்கலச் சின்னமாக அணிவர். வசதியுடையோர் அதற்குப் பொற்பூண் கட்டுவிப்பர். நம் கடலிற் பிறந்த சங்கு பொன்னோடு சேர்ந்தது கங்கைக் கரையிலே!

இனிப் பட்டறைக்குள் செல்வோம். உமியோட்டில் தணல் இருக்கிறது, கையில் ஊதுகுழல், அருகே வெண்காரம், பற்றாசு, அரக்கு. வெள்ளி 961 பாகை செல்சியசிலும் பொன் 1064 பாகையிலும் உருகுவன. பற்றாசு அவற்றிற்குக் குறைந்த சூட்டில் உருகி இரு துண்டுகளையும் இணைக்கும். அரக்கோ கொதிநீரின் சூட்டையும் தாங்காது இளகிவிடும். ஆகையால் வேலைக்கு ஒரு முறை உண்டு. பெருஞ்சூடு வேண்டிய பற்றுவைப்பு முதலில், அதன் பின்பே உட்கூட்டில் அரக்கு நிரப்புதல், அரக்கின்மேல் ஒளிவீசும் மெல்லிய தகடு, தகட்டின்மேல் சிவப்புக்கல், கடைசியிற் கல்லைச் சுற்றிப் பொன்விளிம்பை அழுத்தி மூடுதல். முறை பிறழ்ந்தால் அரக்கு ஒழுகும், தகடு கருகும், கல்லும் வெடிக்கக்கூடும். ஏட்டில் எழுதப்படாது, தந்தை கையைப் பார்த்து மகன் கற்ற கல்வி இது. நம் பாடசாலைகளில் இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒருநாள் மாணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றாற் குற்றமில்லை.

1990களில் யப்பான் நாட்டிலிருந்து 'வெள்ளிக் களிமண்' என்னும் புதுப்பொருள் உலகெங்கும் பரவிற்று. பெயர்தான் களிமண், அதில் மண் இல்லை. மிக நுண்ணிய வெள்ளித் தூளைப் பசையும் நீரும் சேர்த்துப் பிசைந்தது அது. விரலால் உருவம் பிடித்து, உலர்த்திச் சூளையில் இட்டால், பசை எரிந்து போக வெள்ளித் தூள் ஒன்றோடொன்று ஒட்டித் தூய வெள்ளியாகிறது. உருவமும் சுருங்கும். முதலில் வந்த வகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. பின்வந்தவை பத்தில் ஒரு பங்களவே. இதனோடு வேறு பொருளைச் சேர்க்கும்போது பழைய கேள்வியே திரும்பவும் எழுகிறது: சூட்டை எது தாங்கும்? செயற்கைக் கற்களிற் சில சூளையைத் தாங்கும். முத்தும் சங்கும் தாங்கா. சங்கைச் சுட்டாற் சுண்ணாம்பாகும் என்பதை வெற்றிலை போடும் எவரும் அறிவர். ஆகவே சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சங்குக்கு இடம்விட்டு, வெள்ளியைத் தனியே சுட்டு, ஆறியபின்பே பொருத்த வேண்டும். அரக்குக்கு நம் தொழிலாளர் வகுத்த முறையும் இதுவே.

புதுப்பொருளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பழைய சேர்ப்பு வேலைக்கு ஊறு வந்தது வேறு வழியாக என்பது என் கருத்து. நகையை அடைவு வைக்கும்போது பொன்னின் நிறைக்கே பணம்; கல்லும் அரக்கும் கழிக்கப்படும். மணமகளின் நகை குடும்பத்தின் சேமிப்புமாக இருக்கும் ஊரில், கழிவு மிகுந்த நகையை யார் விரும்புவர்? முழுப்பொன் சங்கிலி பெருகிற்று, கல்லட்டியல் உருகிற்று. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும், எஞ்சியவற்றுட் பல சோற்றுக்காக விலையாயின. அதைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு?

உருக்குமுன் கழற்றப்படும் கற்கள் காகிதப் பொட்டலமாக வீடு திரும்புகின்றன. எந்த அட்டியலின் எந்த வரிசையில் இருந்தவை என்று அதில் எழுதுவாரில்லை. கொடுக்குமுன் நகையை ஒரு படம் எடுத்து, வீட்டில் அதற்கு வழங்கிய பெயரைப் பொட்டலத்தின்மேல் எழுதி வைத்தல் எளிது. முன்புறத்தோடு பின்புறத்தையும் படம் எடுங்கள். உட்கூடு எவ்வாறு மூடப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.