நிறுவன இணைப்பும் லஞ்சத்தின் வாசலும்

பெரும் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தால் போட்டி குறையும், விலை ஏறும். அதனால்தான் அரசு அதைக் கண்காணிக்கிறது. அந்தக் கண்காணிப்பே விலைபோனால்?

ஐ.டி.டி. நிறுவனம் ஹார்ட்ஃபோர்டு காப்பீட்டு நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து 1969-ல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1971-ல் சமரசம் ஏற்பட்டது. வேறு சில நிறுவனங்களை விற்க ஒப்புக்கொண்டு, ஹார்ட்ஃபோர்டை ஐ.டி.டி. வைத்துக்கொண்டது. ஆளுங்கட்சி மாநாட்டுக்கு அதே நிறுவனத்தின் தரப்பு பணம் தர முன்வந்திருந்த விவகாரம் 1972-ல் வெடித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என இரு தரப்பும் மறுத்தன.

1974-ல் டன்னி சட்டம் வந்தது. அதன்படி இத்தகைய சமரசங்களை 60 நாள் முன்பே வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பொதுநலனுக்கு உகந்ததா என்று நீதிமன்றம் ஆராய வேண்டும்.

அதிகாரம் ஓர் அமானிதம். மூடிய அறையில் முடியும் பேரத்துக்கு விலை கொடுப்பது நாம்தான்.