வரியும் வாசகனும்

தமிழ்நாட்டில் சொத்துவரி கட்டுகிற எவரும், படிக்கிறவரோ இல்லையோ, நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். வரியில் ரூபாய்க்கு 10 காசு. ரசீதில் ஓர் எண்ணாக மட்டும் தென்படும் இந்தத் தொகைக்குப் பின்னால், நம் கலாசார வாழ்வில் யார் யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வியின் சரித்திரம் இருக்கிறது.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. எஸ். ஆர். ரங்கநாதன் அதன் உயிர்நாடி. 1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. வண்டி, கனகசபைப் பிள்ளை என்ற தனிமனிதரின் கொடை, ஆதரவு சங்கத்துடையது, படித்தவை கிராமங்கள்.

ஆனால் கொடை, கொடுப்பவரின் மனத்தையும் ஆயுளையும் நம்பி நிற்பது. ரங்கநாதனுக்கு இது தெரிந்திருந்தது. 1930 இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டிலேயே அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்திருந்தார். 1948 இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, உள்ளாட்சிகள் வசூலித்துத் தரும் வரி என்று ஏற்பாடாயிற்று. தர்மம் உரிமையாக மாறியது. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

என் ஆட்சேபம் அதற்குப் பின் நிகழ்ந்ததைப் பற்றியது. பணம் உள்ளூரில் திரண்டது. புத்தகத் தேர்வோ பெரும்பாலும் தலைநகரில் நடந்தது. பல பதிப்பாளர்கள் வாசகனை விட்டுவிட்டு நூலக ஆணையை நோக்கி அச்சடிக்கப் பழகினார்கள். ஒரு கவிதைத் தொகுதி வெளிவருமா என்பதை அதன் கவித்துவத்தைவிட இந்த ஆணை தீர்மானித்த சந்தர்ப்பங்கள் உண்டு. அரசு, தனியார், சமூகம் என்ற மூன்று கைகளில் முதலிரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. மூன்றாவது கைக்கு ரசீது மட்டும் மிஞ்சியது.

சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் வழக்கமாகக் கேட்பது நமக்கும் ஓர் ஆணை. நியாயமான கோரிக்கைதான், ஆனால் சிறியது. கேட்க வேண்டியது வேறு: கிளை நூலகம் ஒவ்வொன்றிலும், வாங்கும் தொகையில் ஒரு பங்கையாவது அங்கே படிக்கிறவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும். அவர்கள் நம் புத்தகங்களை நிராகரிக்கக்கூடும். வரி கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. அவன் நிராகரிப்பைச் சந்திக்கத் துணியாத இலக்கியம் அரசின் தயவைக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.