செவியால் கண்ட ஏவுதளம்



பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, நேற்றிரவு எங்கள் வீட்டு ரேடியோவில் சிற்றலையைத் திருப்பியபோது ‘டக் டக் டக்’ என்று ஓயாமல் ஓர் ஓசை கேட்டது. அது என்ன ஐயா?” என்று வினவினான். பாடவேளை முடியும் தறுவாய். “அது வெறும் இரைச்சலப்பா; எங்கேனும் மின்னல் வெட்டியிருக்கும். பாடத்தைக் கவனி” என்று கூறி அவனை உட்கார வைத்துவிட்டேன். அது 1986ஆம் ஆண்டாக இருக்கலாம். அல்லது அதற்கடுத்த ஆண்டாக இருக்கலாம். அந்த விடை தவறு என்பதை நான் உணர நெடுங்காலம் சென்றது. எவ்வாறு உணர்ந்தேன் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வானொலியில் நாம் கேட்பவை பேச்சும் பாட்டும் மட்டுமல்ல. ஒரு நிலையத்துக்கும் மற்றொரு நிலையத்துக்கும் இடையே கீச்சொலிகளும் துடிப்புகளும் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றுட் பல, எண்களாகவும் எழுத்துகளாகவும் மாற்றத்தக்க செய்திகள். தமிழ் இலக்கணம் பயின்ற உங்களுக்கு இது விளங்காத பொருளன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று படித்திருக்கிறீர்கள். ஒலி நீளும் அளவைக் கொண்டே பொருள் வேறுபடுவதை, ‘கல்’ என்பதையும் ‘கால்’ என்பதையும் சொல்லிப் பார்த்தால் அறியலாம். துடிப்பின் நீளத்தால் ஓர் அளவைத் தெரிவிக்கும் வானொலிக் குறிகளும் இவ்வகையினவே. நீளத்தால் அன்றி, இரண்டு சுருதிகளுக்கிடையே மாறி மாறித் தாவுவதால் எழுத்தை உணர்த்தும் குறிகளும் உண்டு, தொலைத்தட்டச்சு அத்தகையது.

1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அதன் எடை 83.6 கிலோகிராம். 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அதிர்வெண்களில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 விநாடி நீளமுள்ள துடிப்புகளை அது அனுப்பிக்கொண்டிருந்தது. கோளினுள் வெப்பமோ அழுத்தமோ வரம்பு கடந்தால் துடிப்பின் நீளம் மாறும்படி அமைத்திருந்தனர். உலகெங்கும் இருந்த அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் தத்தம் வீட்டிலிருந்தே அதைக் கேட்டனர். மின்கலம் தீர்ந்ததும் மூன்று வாரங்களில் அவ்வொலி நின்றது. ஆயினும், கேட்கும் பழக்கம் நின்றுவிடவில்லை.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் கெட்டரிங் என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர் கிராமர் பள்ளியில் ஜெப்ரி பெர்ரி என்பவர் இயற்பியல் ஆசிரியர். அவருடன் பணியாற்றிய வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டர் வானொலிப் பயிற்சி மிக்கவர். 1960ஆம் ஆண்டு முதல் இவ்விருவரும் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலியைச் சிற்றலைப் பெட்டியில் கேட்கலாயினர். மாணவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

அவர்களிடம் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. ஒரு வாங்கி, ஒரு கம்பி, நேரம் பிசகாத கடிகாரம், ஒரு குறிப்பேடு ஆகிய இவையே கருவிகள். ஒலி எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்பதை நாள்தோறும் எழுதி வந்தனர். கோள் நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் சற்று உயர்ந்தும், விலகிச் செல்லும்போது சற்றுத் தாழ்ந்தும் தோன்றும். இது டாப்ளர் விளைவு எனப்படும். புகைவண்டி நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் மாறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மாற்றம் மிக விரைந்து நிகழும் கணமே கோள் நமக்கு மிக அருகில் இருக்கும் கணம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். தாழ்ந்த பாதையில் செல்லும் கோள் பூமியை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். அந்நேரத்தில் பூமி தன்னைத்தானே 22½ பாகை சுழன்றுவிடுகிறது. எனவே, கோளின் நிழற்பாதை ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு தூரம் மேற்கே தள்ளி விழுகிறது. இதை முன்னோக்கிக் கணக்கிட்டால், நாளை எப்போது ஒலி கேட்கும் என்று சொல்லலாம். பின்னோக்கிக் கணக்கிட்டால், முதற் சுற்றில் அது எந்த நிலப்பரப்பின் மேல் சென்றது என்று சொல்லலாம். ஏவப்பட்ட இடம் அந்தக் கோட்டின்மேல் இருந்தே ஆகவேண்டும்.

1966ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் காஸ்மாஸ் 112 என்னும் கோள் ஏவப்பட்டது. அதன் பாதை பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 72 பாகை சாய்ந்திருந்தது. கெட்டரிங் குழுவினர் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சோவியத் நாட்டின் புகழ்பெற்ற பைகனூர் ஏவுதளம் அந்தக் கோட்டின்மேல் இல்லை! கணக்கில் பிழையோ என்று ஐயுறுவது இயல்பு. ஆனால், குறிப்பேடு வேறொன்றைச் சொல்லியது. அவ்வாண்டு அக்டோபரில் காஸ்மாஸ் 129 ஏறத்தாழ 65 பாகைச் சாய்வில் சென்றது. ஒரு கோட்டைக் கொண்டு ஓர் இடத்தைக் குறிக்க இயலாது; வெவ்வேறு சாய்வுடைய இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் ஒரு புள்ளி கிடைக்கும். நீங்கள் வடிவியலில் படித்த அதே உண்மைதான். அந்தப் புள்ளி, மாஸ்கோவுக்கு வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், பிளெசெத்ஸ்க் என்னும் ஊரருகே விழுந்தது. உலகுக்கு அறிவிக்கப்படாத ஓர் ஏவுதளத்தை ஒரு பள்ளிக்கூடம் கண்டறிந்துவிட்டது!

இதனை மிகைப்படுத்திக் கூற நான் விரும்பவில்லை. அவ்வட்டாரத்தில் ஏவுகணைத் தளம் ஒன்று இருக்கக்கூடுமென அமெரிக்க உளவுத்துறை 1950களின் இறுதியிலேயே ஐயுற்றிருந்தது. ஆனால், அது பூட்டிய பேழைக்குள் இருந்த அறிவு. சோவியத் அரசோ 1983ஆம் ஆண்டு வரை அத்தளம் இருப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வல்லரசுகள் ஒன்றுக்கொன்று அஞ்சி வாய்மூடியிருந்தபோது, பொதுமக்கள் அறியத்தக்க உண்மையை வெளிப்படையாக உரைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களுமே. அவர்கள் எவர் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லை. வானத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒலித்ததைக் கேட்டு எழுதி வைத்தார்கள்; அவ்வளவே. பிற்காலத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் இப்பணியில் சேர்ந்து ‘கெட்டரிங் குழு’ என்று பெயர் பெற்றனர். பெர்ரி 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்று கணிப்பொறி இப்பணியை எளிதாக்கிவிட்டது. கேட்கும் ஒலியை அருவிபோல வழியும் படமாகத் திரையில் காணலாம். எனினும், அறியாத குறி ஒன்று எதிர்ப்பட்டால் ஆர்வலர் எழுப்பும் வினாக்கள் பழையனவே: எந்த அதிர்வெண்? எவ்வளவு அகலம்? எத்தனை சுருதிகள்? ஒரு விநாடிக்கு எத்தனை மாற்றங்கள்? எந்த நேரத்தில் தோன்றி எந்த நேரத்தில் மறைகிறது? சான்றாக, எட்டுச் சுருதிகள் சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கி, 15 விநாடிக்கு ஒரு முறை தொடங்குமானால், அது 2017இல் வெளிவந்த எஃப்.டி.8 என்னும் முறை என்று கூறிவிடலாம். அதை ஆக்கியோரில் ஒருவரான ஜோசப் டெய்லர், விண்மீன் துடிப்புகளை ஆராய்ந்து 1993இல் நோபெல் பரிசு பெற்றவர். மற்றொன்றும் அறிக. அமெச்சூர் நிலையங்கள் பொருளை மறைக்கும் சங்கேதங்களில் பிற நாட்டாரோடு பேசலாகாது என்பது பன்னாட்டு விதி. ஆகவே, அவர்களுடைய குறிகள் கற்பவர் எவருக்கும் திறந்த ஏடுகளே.

இனி, என் மாணவனிடம் திரும்புவோம். 1976ஆம் ஆண்டு சூலை முதல் உலகச் சிற்றலையில் விநாடிக்குப் பத்து முறை தட்டும் ஓசை ஒன்று கேட்கத் தொடங்கியது. வானொலி ஆர்வலர் அதற்கு ‘ரஷிய மரங்கொத்தி’ என்று பெயரிட்டனர். தட்டும் வேகத்தையும் ஒலி வரும் திசையையும் ஆராய்ந்தோர், அது தொடுவானுக்கு அப்பால் நோக்கும் ரேடார் என்று உய்த்துணர்ந்தனர். பிற்காலத்தில் அந்த உய்த்துணர்வு மெய்யாயிற்று. உக்ரைனில் செர்னோபில் அருகே அதன் பேருருவான இரும்புக் கோபுரங்கள் நின்றன. 1989ஆம் ஆண்டில் அவ்வொலி ஓய்ந்தது.

இச்செய்தியைப் பின்னொரு நாள் படித்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. அந்தப் பையன் கேட்டது மரங்கொத்தியையோ? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்று எவராலும் அதை உறுதிப்படுத்த முடியாது. அவன் எந்த இடத்தில் முள்ளைத் திருப்பினான், மணி எத்தனை, விநாடிக்கு எத்தனை முறை தட்டியது என்று நான் கேட்கவில்லை, அவனும் எழுதவில்லை. “எனக்குத் தெரியாது, இன்றிரவு கடிகாரத்தோடு கேட்டு எழுதி வா” என்று சொல்ல எனக்கு அரை நிமிடமே ஆகியிருக்கும். கெட்டரிங் பள்ளிக்கும் என் வகுப்பறைக்கும் இருந்த வேறுபாடு கருவியில் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது.

மாணவச் செல்வங்களே, விளங்காத ஒன்றைக் கேட்டாலோ கண்டாலோ அதை இரைச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியர் ஒதுக்கினாலும் நீங்கள் ஒதுக்காதீர்கள். நாளும் நேரமும் அளவும் குறித்து வையுங்கள். ஒரு நாள் குறிப்பு ஒரு கோடுதான். மற்றொரு நாள் குறிப்பு வந்து அதை வெட்டும்போது உண்மை ஒரு புள்ளியாகத் தோன்றும்.